மைசூர் அரண்மனையும் அடகு மீண்ட அறநிலமும்

ஒசூர் வட்டாரம் 1799-ஆம் ஆண்டு வரை மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்தது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி எல்லை மாறினும் உறவு அறவில்லை. இன்று தொழிற்சாலைகள் நிறைந்த இந்நிலத்திலிருந்து தசரா விடுமுறையில் மைசூர் செல்லும் குடும்பங்கள் பல. அங்கு ஒளிரும் அரண்மனையைக் காணும் சமணர்கள், அவ்வரசமரபு தம் சமயத்தோடு கொண்டிருந்த தொடர்பையும் அறிதல் தகும்.

விஜயநகரப் பேரரசின் மகாநவமி விழாவை, 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்ட ராஜ உடையார் அங்கே தொடங்கிவைத்தார். ஒன்பது நாள் கொலுவும், பத்தாம் நாள் யானை மீது தங்க அம்பாரி ஏறும் பவனியும் அதன் சிறப்பு. பவனி சென்றடையும் பன்னிமண்டபத்தின் 'பன்னி' நம் வன்னி மரமே. விழா நிலைத்தது, அரண்மனை நிலைக்கவில்லை. 1897-இல் இளவரசி ஜயலக்ஷம்மண்ணியின் திருமணத்தின்போது மர அரண்மனை தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் வடிவமைத்த இன்றைய அரண்மனை 1912-இல் நிறைவுற்றது.

அம்மரபின் அறச்செயல்களுள் சமணர் மறவாதது சிரவணபெளகொளத்தில் நிகழ்ந்தது. கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் 981-ஆம் ஆண்டையொட்டி அங்கு பகவான் பாகுபலியின் திருவுருவை எழுப்புவித்தார். திருவடியருகே அவர் பெயர் கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் வாசகம் கிரந்தத்திலும் வட்டெழுத்திலும் அமைந்தது. தமிழ்ச் சமணர் அத்தலத்திற்கு அயலார் அல்லர் என்பதற்கு அக்கல்லே சான்று.

ஆயினும் தலப்பெருமை மட்டும் நாள்வழிபாட்டைக் காவாது. பதினேழாம் நூற்றாண்டில் கோயில் நிலங்களையும் மானியங்களையும் அங்கிருந்த தானத்தார் வணிகர்களிடம் அடகு வைத்தனர். வருவாய் வட்டிக்குச் செல்ல, பூசை தளர்ந்தது. ராஜ உடையாரின் பேரர் சாமராஜ உடையார் 1634-இல் அடகு பிடித்தோரை அழைத்து, அக்கடனைத் தாமே செலுத்துவதாகக் கூறினார். அதைக் கேட்ட வணிகர்கள் பொருள் பெறாமல், தம் தாய்தந்தையர் புண்ணியத்தின் பொருட்டு நிலங்களை விடுவித்தனர். இனிமேல் அறநிலத்தை அடகு வைப்பதும் அடகு பிடிப்பதும் கூடாதென்று கல்வெட்டில் கட்டளையும் இடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் மூவர் பங்கும் எண்ணத்தக்கது. காக்க வேண்டியவர்களே அடகு வைத்தனர். அரசர் தம் பொருளைத் தர முன்வந்தார். கடன் கொடுத்தோர் தம் உரிமையைத் துறந்தனர். அரசரின் ஆணை வழி திறந்தது. நிலத்தை மீட்டது வணிகரின் தியாகம்.

பின்னர் 1673-இல் அரியணை ஏறிய சிக்கதேவராஜ உடையாருக்கு, எளந்தூரைச் சேர்ந்த சமணர் விசாலாட்ச பண்டிதர் முதலமைச்சரானார். இளமையில் காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்திலும் மன்னருக்குத் துணை நின்ற அவர் 1686-இல் கொலையுண்டார். சிரவணபெளகொளத்தில் ஊர்நடுவே விளங்கும் கல்யாணிக் குளத்தைத் தொடங்கியவர் சிக்கதேவராஜர். அவர் காலத்தில் முற்றுப்பெறாத அத்திருப்பணி, பேரர் கிருஷ்ணராஜர் ஆட்சியில் அண்ணய்யா என்ற அதிகாரியின் முயற்சியால் நிறைவெய்தியது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடிக்கும் மனமே திருப்பணியின் உயிர்நாடி.

மைசூர் அரசர் மகாமஸ்தகாபிஷேகத்தில் பங்கேற்பதும் மரபாயிற்று. 1925-ஆம் ஆண்டு விழாவில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கலந்துகொண்டார். பின்னர் முடியாட்சி மறைந்தது. தசராவில் அரசர் அமர்ந்த அம்பாரியில் 1970-களிலிருந்து சாமுண்டீசுவரி தேவியின் உருவம் எழுந்தருள்கிறது. விழாவை மாநில அரசு நடத்துகிறது. பாகுபலியின் அபிஷேகமோ 1981-இல் ஆயிரமாண்டு நிறைவாகவும், அதன்பின் 1993, 2006, 2018 ஆகிய ஆண்டுகளிலும் நிகழ்ந்தது. இவ்விழாக்களில் கலசம் ஏந்தும் பேறு அரசர்க்கு மட்டுமன்று, எளிய சிராவகர்க்கும் உரியதாயிற்று.

தமிழ்ச் சமணர்க்கு இவ்வரலாறு தரும் பாடம் அருகிலேயே உள்ளது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு ஒசூருக்கும் பெங்களூருக்கும் வந்த குடும்பங்களின் பின்னே, தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் ஜினாலயங்கள் நிற்கின்றன. அவற்றின் விளக்கெரியவும், நிலம் பிறர்கைப் படாதிருக்கவும், பூசை முறை தவறாதிருக்கவும் இன்று வர வேண்டிய மன்னர் எவரும் இலர். அரசர் இருந்த காலத்திலேயே தம் உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள் வணிகக் குடியினர்தாம். ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளுடன் ஊர்க்கோயில் சென்று கணக்கைக் கேட்டறிவதும், இயன்றதை அளிப்பதும் அம்மரபின் தொடர்ச்சியாகும். அரண்மனை விளக்குகள் விழாநாளில் ஒளிரும். அறநிலத்தின் விளக்கு நாள்தோறும் எரிய வேண்டும்.