நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள்

நத்தார்ப் பண்டிகைக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலத்தைக் கிறித்தவ மக்கள் திருவருகைக் காலம் என அனுட்டித்து வருகின்றனர். இதன் தொடக்கம் மிகப் பழையது. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளிலே, இன்று பிரான்சு எனப்படும் நாட்டில், புனித மார்ட்டின் திருநாளாகிய நொவெம்பர் 11ஆம் திகதி முதல் நோன்பிருக்கும் வழக்கம் இருந்தது. பின்னர் உரோமைத் திருச்சபையில் ஞாயிறுகள் நான்கென அமைந்தன. மிலான் மறைமாநிலத்தில் இன்றும் ஆறு ஞாயிறுகள் உள. ஆனால் நோன்பும் செபமும் ஊதா நிற உடையும் பெரியோருக்குரியன. இக்காலத்திலே சிறுவருக்கென ஓர் இடம் வாய்த்தது 19ஆம் நூற்றாண்டில், ஜேர்மனியில்.

இன்று பல நாடுகளிலே பெற்றோர் பிள்ளைகளைச் சூழ இருத்தி, பச்சிலை வளையத்தில் ஞாயிறுதோறும் ஒவ்வொரு மெழுகுதிரியாக ஏற்றுகின்றனர். காண்பதற்கு இனிய இவ்வழக்கம் யாரோ ஒரு செல்வரின் இல்லத்திலே தோன்றியிருக்கும் என்றே எண்ணத் தோன்றும். அது தோன்றியதோ வீடற்ற பிள்ளைகளுக்காக எழுந்த வீடொன்றிலாகும்.

யோகான் ஹின்றிக் விகேர்ன் 1808இல் ஹம்பேர்க் நகரிலே பிறந்தவர். பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்து, பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். கெற்றிங்கன், பேர்லின் சர்வகலாசாலைகளில் இறையியல் கற்று ஊர் திரும்பியவர், ஞாயிறு பாடசாலை ஒன்றில் ஆசிரியரானார். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று பார்த்தபோதுதான் அத்துறைமுக நகரின் ஒடுங்கிய சந்துகளிலே வறுமை எத்தகையது என்பதை அவர் கண்டார். குடியும் பசியும் பிணியும் நிறைந்த அறைகளிலே பிள்ளைகள் கவனிப்பாரற்று வளர்ந்தனர். பிச்சையும் களவும் அவர்களுக்குப் பிழைப்பாயின. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேதபாடம் சொல்வதனால் இது தீரப்போவதில்லை என்று அவர் துணிந்தார்.

கார்ல் சீவெக்கிங் என்னும் நகர அதிகாரி தமது காணியிலிருந்த ஒரு சிறு வீட்டைக் கொடுத்துதவ, 1833இல் விகேர்ன் தம் தாயோடும் சகோதரியோடும் அங்கு குடிபுகுந்து சிறுவரை ஏற்கத் தொடங்கினார். அவ்வீட்டின் பெயர் ‘றவுஹெஸ் ஹவுஸ்’. கரடுமுரடான வீடு என்று பொருள்படும் இப்பெயர், முன்னாளில் அங்கிருந்த றூகே என்பவரின் பெயர் திரிந்து வந்தது என்பர். மதிலும் பூட்டும் வைத்த சீர்திருத்தச் சாலையாக அதனை அவர் நடத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு குடும்பமாக வகுத்து, அண்ணன் போன்ற ஓர் இளைஞரை அக்குடும்பத்துக்குப் பொறுப்பாக வைத்தார். பழைய குற்றங்களை யாரும் எடுத்துப் பேசலாகாது என்பதும் அங்கே விதி.

மார்கழிக் குளிர் தொடங்கியதும் இப்பிள்ளைகள் நத்தார் இன்று வருமா, நாளை வருமா என்று ஓயாது கேட்டனராம். பெரியோர் கொடுத்த வாக்கு நிறைவேறக் கண்டறியாத பிள்ளைகளுக்கு, ‘பொறு’ என்னும் சொல் எவ்வளவு பெறும்? சொல்லை விட்டு, கண்ணாற் காணத்தக்க ஒன்றை விகேர்ன் வைத்தார். 1839ஆம் ஆண்டிலே ஒரு பெரிய மரச்சில்லின்மேல் மெழுகுதிரிகளை நிறுத்திச் செபமண்டபத்திலே தொங்கவிட்டார். அவ்வாண்டு திருவருகையின் முதல் ஞாயிறு டிசெம்பர் முதலாந் திகதியிலே வந்தது. ஆகவே நத்தார் இரவு வரை 24 நாள்கள். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகள், மற்றை நாள்களுக்கு இருபது சிறு சிவப்புத் திரிகள். நாளுக்கொரு திரி ஏற்றி வேதவசனம் வாசித்தனர். எண்ணத் தெரியாத பிள்ளையும் ஒளி நாளுக்கு நாள் பெருகுவதைக் கண்டு, எஞ்சிய நாள்களைத் தானே அறிந்துகொண்டது.

ஏறத்தாழ 1860ஆம் ஆண்டளவில் ஊசியிலை மரக்கொம்புகளால் சில்லை அலங்கரிக்கத் தொடங்கினர். அவ்வில்லத்தில் பயின்ற இளைஞர்கள் பிற இல்லங்களுக்குப் பணியாற்றச் சென்றபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. சாதாரண வீடுகளில் அத்துணைப் பெரிய சில்லுக்கு இடமேது? நான்கு ஞாயிற்றுத் திரிகள் மட்டும் மிஞ்சின. கத்தோலிக்கரும் பின்னர் இதனைக் கைக்கொண்டனர். கொலோன் நகரத் தேவாலயம் ஒன்றில் 1925இல் இவ்வளையம் தொங்கியது. நான்கு திரிகள் பெரியோருக்குப் போதும். ஆயினும் நாளுக்கொரு திரியென்ற சிறுவரின் பங்கு இதனாற் குறைந்துபோனதென்றே சொல்லல் வேண்டும்.

அக்குறையை வேறொன்று ஈடு செய்தது. ஜேர்மன் வீடுகளிலே கதவில் 24 சோக்குக் கோடுகள் கீறி, நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளை அழிக்கவிடுவது உண்டு. கெர்ஹாட் லாங் என்பவரின் தாயார், குருமனையொன்றின் தலைவி, அட்டையிலே 24 சிறு பிஸ்கோத்துகளைத் தைத்து மகனுக்குக் கொடுத்தார். வளர்ந்து முனிச் நகரில் அச்சுத்தொழில் நடத்திய அம்மகன், 1908இல் 24 படங்களை வெட்டி ஒட்டத்தக்க நாட்காட்டியொன்றை வெளியிட்டார். திறந்து பார்க்கும் சிறு கதவுகள் பின்னர் வந்தன. நாசிகள் ஆட்சியிலே இந்த நாட்காட்டியும் தப்பவில்லை. கிறித்துவின் பிறப்பை அகற்றிய தமது சொந்த நாட்காட்டியைக் கட்சியினர் பிள்ளைகளுக்கு வழங்கினர். போர் முடிந்தபின், 1946இல், இடிபாடுகள் நிறைந்த ஸ்ருட்காட் நகரிலே றிச்சாட் செல்மர் மீண்டும் பழைய முறையில் நாட்காட்டி அச்சிட்டார். விகேர்னின் இல்லமும் 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பெரிதும் அழிந்து, பின்னர் திரும்ப எழுந்ததே.

திருவருகையின் முதல் ஞாயிறன்று வீட்டில் ஏற்றும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்தின் கதையும் இதற்கு அயலானதன்று. தரங்கம்பாடிக்கருகே 1760இல் வந்து குடியேறிய மொறேவியச் சகோதர சபையினரின் நட்சத்திரம் அது. அச்சபையின் மிஷனரிமார் கிறீன்லாந்திலும் சூரினாமிலும் ஊழியஞ் செய்ய, அவர்தம் பிள்ளைகள் ஜேர்மனியிலே சபையின் விடுதிப் பாடசாலைகளில் பெற்றோரைப் பிரிந்து பல ஆண்டுகள் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீஸ்கி என்னும் ஊர்ப் பாடசாலையிலே கேத்திரகணிதப் பாடத்தின் பயிற்சியாகக் கடதாசி நட்சத்திரம் செய்யும் வழக்கம் எழுந்தது. பிள்ளைகள் அதனைத் தங்கள் அறைகளிலே தொங்கவிட்டனர். கழற்றிப் பூட்டத்தக்க நட்சத்திரங்களைப் பீற்றர் வேர்பேக் என்பவர் 1897 முதல் விற்பனைக்குச் செய்வித்தார். ஹெர்ன்ஹூட்டில் இன்றும் அவை கையாலேயே ஒட்டப்படுகின்றன. வழக்கமான நட்சத்திரத்துக்குக் கூர்கள் 25: சதுர அடியுடையன 17, முக்கோண அடியுடையன 8. இருபத்தாறாவது முகத்திற்குக் கூர் இல்லை. விளக்கை உள்ளே வைக்கவும் கயிற்றிற் கட்டித் தொங்கவிடவும் அது திறந்தபடி விடப்படுகின்றது.