பல்கலைக்கழகப் பிரவேசமும் இலுப்பைக்கடவையும்

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், விடத்தல்தீவையும் பள்ளமடுவையும் கடந்து வடக்கே செல்வோர் இலுப்பைக்கடவையை அடைவர். மேற்கே ஆழமற்ற கடல். கிழக்கே வயலும் காடும். கடவை என்பது கடந்து செல்லும் வழியைக் குறிக்கும் சொல். இலுப்பை நின்ற கடவை ஊர்ப்பெயராயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். இவ்வூர் மாணவர் ஒருவர் பல்கலைக்கழக வாயிலைக் கடக்க விரும்பின், அவரிடத்தில் அக்கழகம் எதனை நாடியது? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியது. அவ்விடைகளின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

இடங்கள் சிலவாகவும் விரும்புவோர் பலராகவும் உள்ளவிடத்துத் தெரிவு தவிர்க்க முடியாதது. அதற்குரிய கருவி பரீட்சை. ஆனால் பரீட்சையிற் பெற்ற புள்ளியுள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மாணவரின் ஆற்றல். மற்றொன்று அவருக்கு வாய்த்த ஆசிரியர், ஆய்வுகூடம், நூல், நேரம் ஆகியவற்றின் பயன். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே பிரவேச வரலாற்றின் நடுநாயகமான சிக்கலாகும்.

கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். சர்வகலாசாலை என அக்காலத்தார் வழங்கிய அந்நிறுவனம், திறமை ஒன்றையே நாடுவதாகக் கூறிற்று. எனினும் அத்திறமை ஆங்கிலத்திலேயே வெளிப்பட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 19ஆம் நூற்றாண்டு தொடக்கம் மிசன் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிராக எழுந்த சைவப் பாடசாலைகளும் போட்டியிட்டு ஆங்கிலக் கல்வியைப் பரப்பின. குடித்தொகை அருகி, மலேரியாவால் நலிந்த மன்னார்ப் பெருநிலத்துக் கரையோரத்துக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆகவே அங்குள்ளோர்க்குப் பரீட்சை மண்டபத்துக்கு வெகு தொலைவிலேயே வாயில் அடைபட்டிருந்தது.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 அளவில் சிங்களமும் தமிழும் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் போதனாமொழிகளாயின. ஆங்கிலம் என்னும் தடை தளர்ந்தது. ஆயினும் மருத்துவமும் பொறியியலும் நாடியோர்க்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இன்றியமையாதன. அவை நகரப் பாடசாலைகளிலும் குடாநாட்டின் பெருங் கல்லூரிகளிலுமே செறிந்திருந்தன.

இந்நிலையில் 1971 ஆம் ஆண்டுப் பிரவேசத்தின்போது ஒரு புதிய அளவுகோல் புகுத்தப்பட்டது. மருத்துவத்துறைக்கு 400 புள்ளிகளிற் சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229 பெற்றாற் போதும். தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 பெறல் வேண்டும். பொறியியலுக்கு முறையே 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். தலைநகரின் வசதிமிக்க பாடசாலையொன்றிற் சிங்களமொழி மூலம் பயின்று 230 பெற்றவர் மருத்துவராகலாம். ஆய்வுகூடமே காணாத கரையோர ஊரொன்றிலிருந்து தமிழ்மொழி மூலம் தோற்றி 245 பெற்றவர் ஆக முடியாது. வாய்ப்புக் குன்றியோரைத் தூக்கிவிடும் நோக்கம் இதனுள் இருந்ததெனக் கொள்ளினும், அளக்கப்பட்டது வாய்ப்பன்று, மொழியே. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் என்ற பெயரில் இம்முறை வேறொரு கணித வடிவம் பெற்றது. தமிழ் இளைஞரிடையே அது மூட்டிய மனக்கசப்பு நாட்டின் பிற்கால வரலாற்றையே திருப்பியது.

1974 இல் மாவட்டப் பங்கீடும் இதனோடு சேர்க்கப்பட்டது. குடித்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கு இடங்கள் வகுக்கப்பட்டமையால் யாழ்ப்பாண மாவட்டம் பெரிதும் இழந்தது, கொழும்பும் இழந்தது. ஆனால் மன்னார், வவுனியா முதலிய தமிழ் மாவட்டங்களுக்கு முன்னர்க் கிட்டாத சில இடங்கள் கிட்டின. இலுப்பைக்கடவை மாணவரின் நிலையை நோக்குமின். மொழிவாரித் தரப்படுத்தல் அவரைப் பின்னே தள்ளியது; மாவட்டப் பங்கீடு அவரை முன்னே அழைத்தது. ஒரே மாணவர், ஒரே விடைத்தாள். கணக்கு மட்டுமே இரண்டு. தரப்படுத்தலின் வரலாற்றை யாழ்ப்பாணத்திலிருந்து மட்டும் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படாது. இரண்டையும் ஒன்றெனக் கருதி முழுவதும் ஏற்றலும் முழுவதும் மறுத்தலும் ஆராய்ச்சிக்கு இழுக்காம்.

இச்சிக்கல் இலங்கைக்கே உரியதன்று. 1397 இற் சீனப் பேரரசின் உயர்பரீட்சையில் தேறியோர் அனைவரும் தென்னாட்டாராயினர். வடநாட்டார் முறையிட்டனர். பேரரசர் ஹொங்வு சினந்து தேர்வாளரைத் தண்டித்து, மறுதேர்வில் வடநாட்டாரையே தெரிந்தார். பின்னர், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நூறு இடங்களுள் தெற்குக்கு 55, வடக்குக்கு 35, இடைப்பகுதிக்கு 10 என வரையறுக்கப்பட்டது. நெடுங்காலப் போரால் நலிந்த வடபகுதியைச் செழித்த தென்பகுதியோடு ஒரே கோலால் அளத்தல் அரசின் ஒற்றுமைக்கு ஊறு என்பதைச் சீனர் உணர்ந்தனர்.

புள்ளியை விடுத்துப் பண்பையும் ஆளுமையையும் நோக்கினால் என்ன என்று வினவுவாரும் உளர். அமெரிக்க ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் 1920களில் தலைவர் லோவெல் யூத மாணவரின் தொகையைக் குறைக்க விழைந்தார். வெளிப்படையான வரையறை எதிர்க்கப்பட்டபின், 1926 அளவில் விண்ணப்பதாரரின் குணமும் தகுதியும் தெரிவில் முதன்மை பெற்றன. யூதர் தொகை குறைந்தது. அளக்கவியலாத பண்புகளைத் தேடுங் கண், தனக்குப் பழகிய முகங்களையே விரும்பும் என்பதற்கு இது சான்று. எவர்க்கும் தெரியும்படி அச்சிட்ட விகிதம் குறையுடையதாயினும், அதனை எதிர்த்து வழக்காடலாம். மூடிய அறையில் நிகழும் மதிப்பீட்டை எதிர்த்து வழக்காடுதல் அரிது.

இலங்கையில் 1970களின் இறுதியில் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் மானியங்கள் ஆணைக்குழு பிரவேசப் பொறுப்பை ஏற்றது. திறமை, மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என மூன்று பங்குகள் ஏற்பட்டன. விகிதங்கள் காலந்தோறும் மாறின. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்பது இந்நூற்றாண்டில் நிலைபெற்ற வகுப்பாகும். அப்பதினாறனுள் மன்னாரும் ஒன்று. 2001 தொடக்கம் இசட் புள்ளி வழக்கிற்கு வந்தது. ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியினின்றும் எத்துணை விலகி நிற்கின்றது என்பதை நியம விலகலால் அளக்கும் முறை இது. பாடங்களின் வன்மை மென்மையை அது சமன்செய்யும்; பாடசாலைகளின் வன்மை மென்மையை அது அறியாது.

மாவட்டம் என்னும் அலகும் பருமையானதே. மன்னார் நகரப் பாடசாலையிற் பயில்வோரும், மாந்தை மேற்கின் கரையோர ஊரிற் பயில்வோரும் ஒரே நிரலில் நிற்கின்றனர். 2008 யூலையில் போர்முனை விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் கடந்தபோது அப்பகுதி மக்கள் வடக்கும் கிழக்குமாக இடம்பெயர்ந்தனர். 2009 இற் போர் முடிந்தபின்னரே மீளக் குடியேறினர். இடையிற் பாடசாலை இடம்பெயர்ந்தது. சில வேளைகளில் மரநிழலே வகுப்பறையாயிற்று. அக்காலத்திற் பயின்றவரின் வெட்டுப்புள்ளியும், போர் தீண்டாத ஊரில் அதே மாவட்டத்திற் பயின்றவரின் வெட்டுப்புள்ளியும் ஒன்றே. வேற்று மாவட்டத்தார் பரீட்சைக்காகப் பின்தங்கிய மாவட்டங்களை நாடுவதுண்டாகையால், முந்திய ஆண்டுகளில் மாணவர் எங்கே பயின்றார் என்பதை நோக்கும் விதிகளும் வேண்டியவாயின. பயன் பெறவேண்டியவரை விட்டு, வழியறிந்தவரிடம் அது சேர்தலே எப்பங்கீட்டுக்கும் நேரும் இடர்.

ஆகவே இவ்வரலாறு உணர்த்துவது யாது? பல்கலைக்கழகம் மாணவர் அடைந்த இடத்தை மட்டுமன்றி, அவர் புறப்பட்ட இடத்தையும் நோக்குதல் நீதியே. ஆனால் புறப்பட்ட இடம் என்பது பயின்ற பாடசாலையும் அதன் குறைநிறையுமே. பேசும் மொழியும் பிறந்த இனமும் அல்ல. முன்னதை அளந்த விதி இலுப்பைக்கடவை மாணவருக்குத் துணையாயிற்று. பின்னதை அளந்த விதி அவருக்குப் பகையாயிற்று. பங்கீடு பல்கலைக்கழக வாயிலிற் செய்யப்படும் திருத்தம் மட்டுமே. உயர்தர விஞ்ஞான வகுப்பும், அதற்குரிய ஆசிரியரும், பூட்டப்படாத ஆய்வுகூடமும் மாந்தைக் கரையோரப் பாடசாலைகளில் நிலைபெறுங்கால், அத்திருத்தத்தின் தேவை தானே குறையும். அதுவரை அதனை நீக்கக் கூறுவோர், ஓட்டம் தொடங்கிய இடத்தை மறந்து முடிந்த இடத்தை மட்டும் அளப்போராவர்.