ஏரிக்கு வந்து சேர்ந்த பின்னம்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில், வெளியீட்டை உள்ளீட்டால் வகுக்கும் பின்னமான டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கு வழக்கமான உதாரணம் தண்ணீர்த் தொட்டி. உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தொட்டி எதற்கு? பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த விதத்தை முதலாம் பராந்தகனின் 919, 921 கல்வெட்டுகள் சொல்கின்றன.

ஆனால் அந்தப் பின்னம் புறப்பட்ட இடம் வேறு. 1788-ல் லண்டன் ஆல்பியன் மாவு ஆலையில், வேகம் கூடினால் விரியும் இரட்டைக் குண்டுகளைக் கண்ட மாத்யூ போல்ட்டன், கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு எழுதினார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆலைக்காரர்களின் அந்த உத்தி நீராவி எஞ்சினுக்குப் போனது. சில எஞ்சின்களில் வேகம் அடங்காமல் ஏறி இறங்கியது. 1868-ல் மேக்ஸ்வெல் அதற்குச் சமன்பாடு எழுதினார்.

அடுத்தவர் ஆலிவர் ஹெவிசைட். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கல்லூரி வாசல் மிதிக்காதவர். ‘மாறும் வீதம்’ என்பதை ஓர் எழுத்தாக்கி, அதைச் சாதாரண எண்போலப் பெருக்கினார், வகுத்தார். விடை சரியாக வந்தது. நிரூபணம் இல்லை என்று கணிதர்கள் முகம் சுளித்தார்கள். நிகழ்தகவுக்காக லாப்லாஸ் எப்போதோ கையாண்ட தொகையீடு பின்னாளில் அந்த முறைக்கு அடித்தளமானது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் ஹெவிசைட்தான்.

1927 ஆகஸ்ட் 2. ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போன பொறியாளர் ஹெரால்ட் பிளாக், டெலிபோன் பெருக்கிக்கான எதிர்ப் பின்னூட்டத்தைக் கையிலிருந்த செய்தித்தாளிலேயே எழுதினார். அது நிலைகுலையாதிருக்க 1932-ல் நைக்விஸ்ட் விதி கண்டார். போர்க்காலத்தில் பீரங்கிக் குறிக்கு உழைத்த இந்தக் கணக்கு, பிறகு வகுப்பறைக்குள் வந்தது. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி.யில் கருவியியலும் ஒரு பாடப்பிரிவு. இன்று தமிழ்நாட்டு மாணவர் கையில் நாகூர் கனியின் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகம்.

இனி ஏரிக்கு வருவோம். வரத்திலிருந்து மதகுப் போக்கைக் கழித்தால், நீர்ப்பரப்பை மட்டம் உயரும் வீதத்தால் பெருக்கிய அளவு கிடைக்கும். மதகின் தடையை (போக்கு ஓர் அலகு கூடுவதற்கு மட்டம் உயர வேண்டிய அளவை) ஆர், பரப்பை ஏ என்போம். ஹெவிசைட் வழியில் ‘வீதம்’ வரும் இடத்தில் எஸ் என்ற எழுத்தைப் போட்டால், மட்டத்துக்கும் வரத்துக்குமான பின்னம்: மேலே ஆர், கீழே ஏ.ஆர்.எஸ். கூட்டல் 1. வரத்து திடீரெனக் கூடி அப்படியே நின்றால், ஏ பெருக்கல் ஆர் அளவு நேரத்தில் மட்டம் தன் மாற்றத்தில் 63 சதவீதத்தைத் தொடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். மதகுப் போக்கு ஆழத்தின் வர்க்கமூலப்படி போவதால், ஒரு மட்டத்தை ஒட்டிய சிறு மாற்றங்களுக்கே இந்தப் பின்னம் பொருந்தும். ஏரி நிரம்ப நிரம்பப் பரப்பும் கூடும், தடையும் கூடும். அதனால் ஒரே மதகுத் திறப்பில், நிறைந்த ஏரி பாதி ஏரியைவிட மெதுவாகவே அசையும்.