பெயரும் முறையும்: சமூகவியலின் தோற்றம் குறித்து

ஆகஸ்ட் காம்டே சமூகவியலின் தந்தை எனப்படுவதற்கு, அத்துறைக்கு அவர் பெயரிட்டமை ஒரு முதன்மைக் காரணமாகும். எனினும், தொடக்கத்தில் அவர் கையாண்ட பெயர் 'சமூக இயற்பியல்' என்பதாகும். பெல்ஜிய வானியலறிஞர் அடால்ப் கெத்லே, மனித வாழ்வைப் புள்ளிவிவரங்கள்வழி ஆராய்ந்த தம் 1835ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் அத்தொடரைச் சேர்த்தார். வெறும் புள்ளியியலுக்கு அப்பெயர் பொருந்தாது எனக் கருதிய காம்டே, 1839இல் 'சமூகவியல்' என்னும் புதுச்சொல்லை முன்வைத்தார். நிகழ்தகவுக் கணிதத்தைச் சமூக ஆய்வில் புகுத்துவதையும் அவர் மறுத்தார்.

ஆனால், துறை வேறு வழியில் வளர்ந்தது. 1887இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் பணியேற்ற எமில் டர்கைம், சமூக மெய்ம்மைகளைப் பொருள்களாகக் கருதி ஆராய வேண்டும் என 1895இல் விதி வகுத்தார். 1897இல் வெளிவந்த 'தற்கொலை' நூலில், அரசுப் புள்ளிவிவரங்களையே அவர் சான்றாக்கினார். கெத்லேயின் 'சராசரி மனிதன்' கோட்பாட்டை அந்நூல் மறுக்கிறது; ஆயினும், சமூக நிகழ்வுகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் நிகழ்வதைக் கவனப்படுத்தியவர் கெத்லே என்பதை அது மறைக்கவில்லை.

ஆகவே, சமூகவியல் தன் பெயரைக் காம்டேயிடமிருந்தும், தன் சான்றுமுறையின் ஒரு பகுதியை அவர் விலக்கிய மரபிலிருந்தும் பெற்றது எனலாம். துறையின் வரலாற்றை ஒரே தந்தையிலிருந்து தொடங்கும் வழக்கு, இவ்விரண்டாம் மரபை மறைத்துவிடுகிறது.