சோழவரமா, சிங்கப்பூரா? ஒரு கோரமண்டல் பஞ்சாயத்து

எங்கள் வீட்டில் அரசியல் பேசினால் சண்டை வராது. சினிமா பேசினாலும் வராது. கார் ரேஸ் பேசினால் வரும். அதிலும் "தெருவில் ரேஸ் விடலாமா, கூடாதா" என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும். இந்தப் பஞ்சாயத்தில் ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் கோரமண்டல் மாமா.

கோலார் தங்கவயல் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் ஏறினால் முதலில் வரும் ஸ்டேஷன் கோரமண்டல். அப்புறம் ஊரிகம், சாம்பியன் என்று போகும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரி பக்கமிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். மாமா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் பாறைக்கு முட்டுக் கொடுக்கும் கேங்கில் வேலை பார்த்தவர்.

அவருக்கும் கார் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்? சோழவரம்தான் சம்பந்தம்.

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. சண்டை முடிந்தது, விமானம் போனது, கார் வந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. மாமாவும் நண்பர்களும் ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, பங்காருப்பேட்டையில் மெட்ராஸ் மெயில் பிடித்து, விடிந்ததும் சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து சோழவரம் போய்விடுவார்களாம். ஃபியட், ஹெரால்டு எல்லாம் உருமாறி வந்து நிற்கும். எங்கள் மைசூரில் செய்த ஜாவாவும் யெஸ்டியும் பைக் ரேஸில் புகை கக்கும். கோயம்புத்தூர் கரிவரதனின் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமாவை நிறுத்த முடியாது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை கார் ஓடியதே, அதற்குப் பின்னால் இருந்த மனிதர் அவர். 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். 1990 வாக்கில் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. சோழவரம் பழங்கதை ஆனது.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால், ரேஸ் என்றால் அகலமான ஓடுதளம், முந்துவதற்கு இடம், தப்பு செய்தால் மண்ணில் இறங்கித் திரும்பி வர வழி என்றே என் மனதில் பதிந்துவிட்டது. அதனால் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, 2008-ல் இங்கே முதல் இரவு ஃபார்முலா ஒன் நடந்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், கம்பி வலை, தொண்ணூறு டிகிரி திருப்பங்கள். முந்துவதற்கு எங்கே இடம்?

அந்த முதல் ரேஸே என் கட்சிக்கு சாட்சி சொன்னது. ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் சுவரில் போய் மோதினார். பாதுகாப்பு கார் வெளியே வந்தது. அதற்கு முன்பே பெட்ரோல் நிரப்பியிருந்த அதே அணியின் அலோன்சோ, 15-வது இடத்தில் கிளம்பியவர், ஜெயித்தார். மறு வருடம்தான் குட்டு உடைந்தது. வேண்டுமென்றே மோதச் சொல்லியிருக்கிறார்கள்! அணித் தலைவர் பிரியாத்தோரே வேலையை விட்டுப் போனார். அகலமான டிராக்கில் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. கார் வெளியே போய் மண்ணில் நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு ரேஸை நடத்தலாம். ஒடுக்கமான தெருவில் ஒரு கார் நின்றாலே எல்லாம் நின்றது மாதிரிதான்.

மொனாக்கோ கதையும் தெரிந்ததுதானே. 1929-லிருந்து அதே தெருக்கள். சுற்று 3.337 கிலோமீட்டர். கார் மட்டும் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனது. 2024-ல் முதல் பத்துப் பேர் எந்த வரிசையில் கிளம்பினார்களோ அதே வரிசையில் முடித்தார்கள். ஃபார்முலா ஒன் சரித்திரத்திலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 2025-ல் மூன்று செட் டயராவது பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று மொனாக்கோவுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். இதற்குப் பெயர் ரேஸா, ஊர்வலமா?

இதையெல்லாம் வைத்து நான் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2012 செப்டம்பரில் மாமா சிங்கப்பூர் வந்தார். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டு, கைக்கு வந்த பணமும் கரைந்து, மகன் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். ரேஸுக்கு இருப்பதிலேயே மலிவான, நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்தேன். நம் நாராயண் கார்த்திகேயன் ஓட்டுகிறார், அதற்காகவே.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் முதல் கார் எங்களைத் தாண்டிப் போனது. மாமா காதைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, காரைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இவனுங்க முதல் சுத்துல சுவருக்கு எவ்ளோ தள்ளிப் போனாங்க பாத்தியா? இப்ப பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் சுவரை நெருங்கிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை ஒரு முழம், சனிக்கிழமை ஒரு சாண். தகுதிச் சுற்றின் கடைசி நிமிடங்களில் விரல்கடை. தெரு டிராக்கில் வார இறுதி முழுவதும் நடப்பது இதுதான். முதல் நாள் தெருவில் தூசி, ரோட்டு எண்ணெய், பிடிமானமே இருக்காது. கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து பிடிமானம் ஏறும். ஓட்டுநரும் அதோடு சேர்ந்து தைரியத்தை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். முந்துவது கஷ்டம் என்பதால் சனிக்கிழமையே பாதி ரேஸ் முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிவியைப் போடுகிற என்னைப் போன்றவர்கள் "போரடிக்குது" என்று சொல்லாமல் என்ன செய்வோம்?

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பாதி தூரம் ஓடிய நேரத்தில் பெரிய திரையில் பார்த்தோம். 18-வது திருப்பத்தில், ரசிகர் மேடைக்குக் கீழே, நாராயண் சுவரில் மோதி நின்றார். பாதுகாப்பு கார் வந்தது. பக்கத்தில் யாரோ தமிழிலேயே திட்டினார்கள். எனக்கும் எரிச்சல். "இவ்வளவு தூரம் வந்தது இதுக்கா" என்று முணுமுணுத்தேன். மாமா என்னை முறைத்தார்.

"திட்டாதடா. வெக்கையில ஒரு மணி நேரமா சுவரை உரசிக்கினு ஓட்டறான். ஒரு தடவை கண்ணு தப்பிச்சு. எங்களுக்கு ஒரு தடவை தப்பினா திரும்பி வரமாட்டோம்."

மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில் ராக் பர்ஸ்ட் பார்த்த மனிதர். மேலேயிருந்து அழுத்தும் பாறை சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். ஒடுக்கமான இடத்தில் வேலை பார்ப்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அன்றைக்கு ரேஸும் 61 சுற்று முடியவில்லை. இரண்டு மணி நேரக் கெடு தீர்ந்து 59-லேயே முடித்தார்கள். வெட்டல் ஜெயித்தார். நான்தான் தோற்றேன் :-)

அதற்கப்புறம் பழைய ரேஸ்களையே வேறு கண்ணோடு பார்த்தேன். 1984 மொனாக்கோ மழையில், டோல்மன் என்ற சுமாரான காரில் வந்த செனா, முன்னால் போன பிராஸ்ட்டை சுற்றுக்குச் சுற்று எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். மழை என்று ரேஸைப் பாதியில் நிறுத்தினார்கள். பிராஸ்ட்டுக்கு வெற்றி, ஆனால் பாதிப் புள்ளிகள்தான். அந்த வருடம் சாம்பியன் பட்டத்தை அவர் லாடாவிடம் இழந்தது அரைப் புள்ளியில்! 2010 மொனாக்கோவில் ராஸ்காஸ் திருப்பத்தில், நம் சென்னை கருண் சந்தோக்கின் கார்மேல் ட்ரூல்லியின் கார் ஏறியே போய்விட்டது. தலை தப்பியது. ஒடுக்கமான தெருவில் சுமார் காரும் பெரிய காரோடு மோதிப் பார்க்கலாம், ஆனால் விலை அதிகம்.

சரி, இந்த வாதத்தில் மாமா கட்சிக்கு நான் மாறிவிட்டேன். ஆனால் பஞ்சாயத்து அதோடு முடியவில்லை. தெரு யாருடையது என்று ஒரு கேள்வி இருக்கிறதே.

சிங்கப்பூரில் இது புதிதல்ல. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில் ரேஸ் நடந்திருக்கிறது. சுற்று 4.865 கிலோமீட்டர். லைட்டுக் கம்பம், பஸ் ஸ்டாப், சாக்கடை எல்லாம் ஓரத்தில் அப்படியே இருக்கும். ஒரு திருப்பத்துக்குப் பெயரே பிசாசு வளைவு. அந்த வருடங்களில் ஏழு பேர் செத்தார்கள். 1973-க்குப் பிறகு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். மறுபடி தெருவில் ரேஸ் விட 35 வருடம் ஆனது.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடந்தது. 2023 டிசம்பரில் நடக்கவேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. கொடிமரச் சாலை, அண்ணாசாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று 3.5 கிலோமீட்டர், 19 திருப்பங்கள், இரவு நேரம். பக்கத்தில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறதே, மக்கள் பணம் இதற்கா என்று வழக்குகள் போட்டார்கள். சர்வதேச சம்மேளனத்தின் சான்றிதழை சனிக்கிழமை நண்பகலுக்குள் வாங்கவேண்டும் என்று உயர்நீதிமன்றம் கெடு விதித்தது. கெடு இரவு 8 மணி வரை நீண்டது. பகல் முழுவதும் காத்திருந்து இரவில்தான் கார்கள் ஓடின. தெருவை இரண்டு நாளைக்கு டிராக் ஆக்குவது சும்மா இல்லை. ஒரு சுவர் தள்ளி நின்றாலும் அனுமதி கிடைக்காது.

நான் இங்கே குஷியாக செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நேப்பியர் பாலத்தில் ரேஸ் கார்! சோழவரம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பட்டார்தான். ஆனால் கடைசியில் ஒன்று கேட்டார்.

"திங்கக்கெழம காலையில ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு ரோடு இருக்குமா?"

"இருக்கும் மாமா, எல்லாத்தையும் எடுத்துடுவாங்க."

"அப்ப சரி. நம்ம ஊருக்கும் ஒருத்தன் வந்தான். லைட்டு போட்டான், ரயில் விட்டான், கிளப் கட்டினான். முடிஞ்சதும் போய்ட்டான். ஊரை யாரும் திருப்பிக் குடுக்கல."

அவர் சொன்னது 1880-ல் வந்த ஜான் டெய்லர் கம்பெனியை. காவிரியிலிருந்து சிவசமுத்திரம் மின்சாரம் 1902-லேயே எங்கள் ஊருக்கு வந்தது. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905-ல்தான். கம்பெனிக்குப் பிறகு அரசாங்கம் நடத்தியது, அதுவும் மூடியது. இன்றைக்கு ஊரில் மிச்சம் இருப்பது சயனைடு மண்மேடும், காலை ரயிலில் பெங்களூருக்குப் போகும் கூட்டமும்.

சிங்கப்பூரில் ரேஸ் முடிந்த மறுநாள் காலை ஆபீஸ் போகும்போது அந்தத் தெருக்களை இப்போதெல்லாம் கவனித்துப் பார்க்கிறேன். கிரேன் வைத்து சுவர்களைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். ரோட்டில் டயர் தடம் மட்டும் கறுப்பாகக் கிடக்கும். அதன்மேல் பஸ் ஓட ஆரம்பிக்கும்போது, மாமாவுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன். "ரோட்டைக் குடுத்துட்டாங்க" என்று ஒரே ஒரு வரி.