ஏர்வாடி உணர்த்தும் பாடம்

காட்டுப்பள்ளி முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள தொழிற்பகுதியில், இரவுபகலாக முறைவேலை செய்வோர்க்கு முதிய பெற்றோரைப் பேணுதல் எளிதன்று. பராமரிப்பு இல்லத்தில் ஒப்படைக்க எண்ணுவோர், நல்ல இல்லத்தை எவ்வாறு அறிவர்? அண்மை வரலாறு ஒன்றை நோக்குவோம்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் அதிகாலையில் மனநோயாளர் காப்பகமொன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமற்போயினர். 28 பேர் மாண்டனர். உரிமமின்றி இத்தகைய இல்லம் நடத்தலாகாது என்னும் சட்டம் 1987 இல் இயற்றப்பெற்று, 1993 இல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆகவே குறை சட்டமின்மையன்று. அதனைச் செயற்படுத்தாமையும், ஒப்படைத்தோர் பலர் மீண்டும் சென்று பாராமையுமே எனக் கருதுகிறோம். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது தீ அணைந்த பின்னரே. சங்கிலியிடுதலை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

ஆதலின் உரிமத்தைப் பார்ப்பதோடு நாம் அமைதல் ஆகாது. முன்னறிவிப்பின்றிச் செல்ல வேண்டும். இரவிலும் செல்ல வேண்டும். ஆபத்தில் கதவு உடனே திறக்குமா, இரவில் பணியாளர் எத்தனை பேர், குடிநீர் கைக்கெட்டுமா, படுக்கைப்புண் உண்டா எனக் கண்ணாரக் காண வேண்டும்.

நல்ல சமாரியன் விடுதிக்காரனிடம் பணம் கொடுத்ததை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். திரும்பி வருவதாக அவன் சொன்னதையோ மறந்துவிடுகிறோம்.