பொருள் வரைந்து கற்றல்: யாழ்ப்பாணத்து அறிஞர் நெறி ஒன்று

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் கல்வி நூல்வரிசையைப் பற்றியே நடந்தது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முடிந்தபின் நீதிநூல்கள். அவற்றின்பின் நிகண்டு, நன்னூல், புராணம். எந்நூலுக்குப்பின் எந்நூல் என்பதை மாணாக்கன் தெரிவுசெய்வதில்லை. இம்முறையின் பயன் மனனம். ஏடு அரிதாயிருந்த காலத்தில் நினைவே நூல்நிலையமாய் நின்றதாதலின், இதனைப் பழித்தல் முறையன்று. ஆயினும், வரிசையில் அடங்காத வினாவொன்று உள்ளத்தில் எழுமாயின், அதற்கு விடை தேடும் வழியை அம்முறை காட்டவில்லை.

வினாவை முன்வைத்து நூலை நாடும் நெறியைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வாழ்க்கையிற் காணலாம். வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்ற அவர், வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தார். கேட்பாரற்று அழியும் நிலையிலிருந்த பழைய ஏடுகளைக் காத்தலே அவர் தம் தெரிவுக்கு வகுத்துக்கொண்ட அளவுகோல்.

இந்நெறி முதிர்ந்து நிற்பது விபுலாநந்த அடிகளிடத்தில். மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்தவராயினும், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தும், மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராயிருந்தும் இந்நாட்டுக்கு உரியவரானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர். இவ்விரு கல்வியும் தனித்தனியே கிடந்திருத்தல் கூடும். அவற்றை ஒன்றாக்கியது அவர் தெரிந்துகொண்ட பொருளே.

அப்பொருள் யாழ். பண்டைத் தமிழர் கையிலிருந்த அக்கருவி வழக்கொழிந்துவிட்டது. நரம்பைத் தொட்டுக் காட்டுவார் எவருமிலர். ஆகவே அது நூல்களிலிருந்தே மீட்கப்படல் வேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும் வாயிலாயின. கருவியின் உறுப்புக்களை அறிய ஆற்றுப்படைகளை நாடினார். பண்களை அறியத் தேவாரத்தை நாடினார். நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் ஏற்றத்துக்குமுள்ள தொடர்பைக் கணிக்கப் பௌதிகமும் கணிதமும் துணைவந்தன. ஒரே தேவாரத்தைப் பக்தன் ஒருவாறு படிப்பான்; சுருதியை அளப்பவன் வேறுவாறு படிப்பான். அடிகள் இருவருமாய்ப் படித்தார். ஏறக்குறையப் 14 ஆண்டு இவ்வுழைப்பு நடந்தது. இதற்கிடையே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் பணி, இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் ‘பிரபுத்த பாரத’ இதழாசிரியர் பணி, 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகப் பணி என ஊரும் தொழிலும் மாறின, வினா மாறவில்லை. யாழ்நூலின் இயற்பெயர்களை நோக்கினாலே வாசிப்பின் திட்டம் புலனாகும்: யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் எனக் கருவியிற் றொடங்கிப் பாட்டை அடைகின்றது. 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. யூலை 19இல் அடிகள் மறைந்தார்.

அதே ஆண்டு சனவரியில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் மறைந்தார். மானிப்பாயிற் பிறந்து, புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்து, பின் துறவு பூண்ட பன்மொழிப் புலவர் அவர். தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஏனைய மொழிகளோடு ஒப்புநோக்கும் அகராதி அவர் தெரிந்த பொருள். 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூல் முற்றுப்பெறவில்லை. உழைப்பிற் குறையில்லை, பொருளின் எல்லையே பெரிது. யாழுக்குக் கரையுண்டு, சொல்லுக்கு அஃதில்லை. ஒருவர் வாழ்நாளுக்குள் அடங்கும் பொருளைத் தெரிதல் புலமையின் வேறாயதொரு திறம் போலும்.

இத்தகைய கல்விக்கு ஓரிடத்தில் பலதுறை நூல்கள் குவிந்திருத்தல் வேண்டும். தனிமனிதர் வீட்டுப் பெட்டகம் போதாது. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே நூல் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சி 1934இல் 844 நூல்களோடு பொது நூல்நிலையமாயிற்று. 1959இல் அதற்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் அந்நிலையம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. நன்னூலை மனனஞ் செய்தவனுக்கு நன்னூல் எஞ்சியது. ஒரு பொருளைத் தொடர்ந்து நூலுக்கு நூல் தாவிச் சென்றவனுக்கோ, அடுத்த நூல் எஞ்சவில்லை. 2003இல் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து வருகின்றது. கல்லூரி ஆண்டு மலர்களும் அவற்றுள் அடங்கும்.